அரை மில்லிமீற்றர் வால்நட்

எங்கள் பழைய ஆங்கிலேயக் காரான டிரையம்ப் டிஆர்4ஏயின் மர டாஷ்போர்டுப் பலகையைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் திருகாணிகள் ஒவ்வொன்றின் தலைக்குக் கீழும் சின்னக் கிண்ணம் போன்ற ஒரு குரோம் வளையம் இருக்கும். சென்ற ஆண்டு மே மாதம், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரத்தில், அந்தக் கிண்ணங்களில் ஒன்றில் தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்டேன். துடைத்துவிட்டு மறுநாள் பார்த்தேன், மறுபடியும் நின்றது. முன்கண்ணாடியின் அடி ரப்பர் வெடித்து, மழைநீர் உள்ளே கசிந்து, பலகையின் மேல் விளிம்பு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. இது எத்தனை மழைக்காலமாக நடந்திருக்கிறது என்பதை மரமே சொல்லிற்று. திருகாணியைச் சுற்றி வெனீர், அதாவது பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோல், கொப்புளம் போல எழும்பியிருந்தது. மேற்பூச்சு வற்றிய குளத்துச் சேற்றைப் போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நகத்தால் தட்டியபோது சில இடங்களில் திடமான ஓசையும் சில இடங்களில் வெற்றோசையும் கேட்டன.

கார் என் தாய்மாமனுடையது. 1966ஆம் ஆண்டில் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றின் துரைக்காக இறக்கப்பட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது துரை ஊருக்குத் திரும்பிவிட, கார் இரண்டு கை மாறி 1979இல் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. மாமாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கண் பார்வை மங்கிய பிறகு சாவியை என்னிடம் தந்துவிட்டாரே தவிர, காரின் மீதான அதிகாரத்தைத் தரவில்லை. பலகையைக் கழற்றப் போகிறேன் என்று சொன்னபோது, “தம்பி, என்ஜினை எத்தனை தரமும் கழற்றிப் பூட்டலாம். பலகையில கை வைக்கிறதெண்டால் மட்டும் யோசிச்சு வை” என்றார். வயதானவரின் மிகையான கவலை என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

இத்தாலிய வடிவமைப்பாளர் மிச்செலொட்டியின் கைவண்ணத்தில் 1961இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரிலிருந்து வெளிவந்த டிஆர்4 காரில் டாஷ்போர்ட் வர்ணம் பூசிய இரும்புத் தகடாக இருந்தது. 1965இல் வந்த 4ஏ வகையில்தான் வால்நட் முகம் வழமையாயிற்று. பார்ப்பவர்கள் அதை முழு மரம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது பிளைவுட். அதன் மேல் ஒட்டியிருக்கும் வால்நட்டின் கனம் அரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும், அதாவது ஐந்தாறு கடதாசித் தாள்களை அடுக்கிய அளவு. என்ஜினில் தேய்ந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் உண்டு. இந்த அரை மில்லிமீற்றரில் சுரண்டி எடுத்தது எடுத்ததுதான். இங்கிலாந்தில் புதிதாகச் செய்த பலகைகள் விற்பனைக்கு இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஆனால் கப்பல் கூலியையும் ரூபாயின் மதிப்பையும் கணக்குப் பார்த்தபோது அந்த எண்ணம் தானாகவே கலைந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட முதல் பாடம், இருப்பதைத் திருத்துவது.

கழற்றும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பற்றரியின் நில முனையை முதலில் கழற்றினேன். இந்தக் காரில் இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் டாஷ்போர்டில் உள்ள அம்பியர் மானிக்குப் பற்றரியிலிருந்து உருகி (பியூஸ்) எதுவும் இல்லாத தடித்த கபில நிற வயர் நேரே வருகிறது. அதன் முனை இரும்புச் சட்டத்தில் ஒரு தடவை உரசினால் தடுப்பதற்கு இடையில் ஒன்றுமில்லை. அடுத்தது, மாமா 1979இல் ஒட்டிய பிள்ளையார். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய பித்தளைத் தகடு அது, வலது ஓரத்தில் இருந்தது. பின்னால் மெல்லிய தூண்டில் நரம்பை விட்டு மெதுவாக அறுத்து எடுத்து, துணியில் சுற்றிக் கையுறைப் பெட்டிக்குள் வைத்தேன்.

பிறகு குமிழ்கள். ஆளிகளின் (சுவிட்சுகளின்) குமிழ்களைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் திருகினாலும் வராது. பலம் போட்டால் உடையும். அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை தட்டுப்படும். அதற்குள் ஊசியை விட்டு அழுத்தினால் உள்ளே வில்லில் நிற்கும் சிறு முளை தாழ்கிறது. குமிழ் கையோடு வந்துவிடுகிறது. அறுபது வருடத் தூசியும் பாலிஷும் அடைத்திருந்ததால் ஒரு குமிழில் அந்தத் துளையைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. மானிகளைப் பிடித்திருப்பவை பலகையின் பின்னால் உள்ள ப வடிவத் தகடுகளும், விரலால் திருப்பக்கூடிய சொரசொரப்பான நட்டுகளும்தான். ஆனால் அங்கே கை போகும் வழி மிகவும் குறுகலானது. முதுகை இருக்கையிலும் தலையைப் பெடல்களுக்கு அருகிலும் வைத்து, காலைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கண்ணால் பாராமல் விரலால் மட்டும் வேலை செய்ய வேண்டும். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த மாடிவீட்டு அன்ரி, விழுந்துவிட்டேனோ என்று பயந்து படியிறங்கி வந்தார்.

வயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் காரின் மின்பாகங்களைச் செய்த லூக்காஸ் கம்பனியின் மின்னமைப்பு எத்தனையோ கேலிகளுக்கு ஆளானது, ஆனால் அதன் நிற ஒழுங்கை நான் மதிக்கிறேன். கபிலம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி திருப்பினால் உயிர்பெறுவது, பச்சை அதே சாவிக்குப் பின்னால் உருகி வழியாக வருவது, சிவப்பு பக்க விளக்கு, நீலம் தலைவிளக்கு, கறுப்பு நிலம். இதைத் தெரிந்தவருக்குப் பலகையின் பின்புறம் ஒரு வரைபடம் போல விரியும். எங்கள் காரில் கெடுத்தது லூக்காஸ் அல்ல, இடையில் கை வைத்த யாரோ ஒருவர். கிடைத்த வயரைக் கிடைத்த நிறத்தில் சேர்த்து முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றியிருந்தார். ஆகவே ஒவ்வொரு முனையிலும் வெள்ளை ரேப் ஒட்டி எண் எழுதினேன், தொலைபேசியில் படமும் எடுத்தேன். படம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிழலில் கறுப்பும் கபிலமும் படத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன.

எண்ணெய் அழுத்த மானிக்கு வயர் கிடையாது. என்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் எண்ணெயை அழுத்தத்தோடு மானியின் முதுகுக்கே கொண்டுவருகிறது. மானிக்குள் வளைந்த தட்டைக் குழல் ஒன்று அந்த அழுத்தத்தில் நிமிரப் பார்க்கும், அதன் அசைவே முள்ளின் அசைவு. குழாயைக் கழற்றும்போது துணி வைக்க மறந்துவிட்டேன். இரண்டு மேசைக்கரண்டி கறுப்பு எண்ணெய் என் சட்டையில் வடிந்தது. மாமாவின் தோல் இருக்கை தப்பியது என்பதே என் கவலைக்கெல்லாம் ஆறுதல்.

பலகை கையில் வந்தபோது நினைத்ததை விடப் பாரமாக இருந்தது, அத்தனையும் நீர். இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். ஈர மரத்தை உலர்த்த வேண்டும் என்பது தெரியும். எப்படி உலர்த்த வேண்டும் என்று கேட்காமல், படுக்கையறையில் ஏசிக்குக் கீழே நிறுத்தி, ஒவ்வோர் இரவும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். எடை குறையக் குறைய மகிழ்ச்சி. பதினோராம் நாள் இடது மானித் துளையிலிருந்து விளிம்பு வரை மயிர்க்கோடு போல ஒரு பிளவு விட்டிருந்தது.

மொறட்டுவையில் தளபாடம் செய்யும் தச்சர், நாங்கள் பாஸ் என்று அழைப்பவர், ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். தச்சு வேலைக்கு இலங்கையில் மொறட்டுவையைக் கடந்து போக வேண்டியதில்லை. அவர் பலகையை மூக்குக்கு நேரே பிடித்து விளிம்பு வழியே பார்த்தார், பிளவைப் பெருவிரலால் தடவினார். “மாத்தயா, இதை எங்கே காய வைத்தீர்கள், பெட்டியிலா?” என்றார் சிங்களத்தில். ஏசி அறை என்றேன். அவர் சிரிக்கவில்லை. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு எப்போதும் நீரைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும் என்பதும், கொழும்புக் கரையோரத்துக் காற்றில் ஈரப்பதம் எண்பது வீதத்தை ஒட்டி நிற்கும்போது மரம் தன் எடையில் பதினைந்து பதினாறு வீதம் நீரோடு அமைதியடையும் என்பதும், குளிரூட்டிய அறையில் அது ஒன்பது பத்துக்கு இறங்கிவிடும் என்பதும் நான் பிறகு படித்து அறிந்த கணக்கு. பாஸுக்கு அந்தக் கணக்கு வேறு சொற்களில் தெரிந்திருந்தது. கார் எந்தக் காற்றில் நிற்கப் போகிறதோ அந்தக் காற்றில்தான் மரம் காய வேண்டும். அவருடைய கொட்டிலின் கூரைச் சட்டத்துக்கு அருகே, வெயில் படாமல் காற்று மட்டும் படும்படி, ஐந்து வாரம் அது படுத்துக் கிடந்தது. பிளவு தானாகவே பாதி மூடியது.

அந்த ஐந்து வாரத்தில் ஒரு சபலமும் வந்துபோனது. பாஸிடம் பழைய அலுமாரி ஒன்றிலிருந்து பிரித்த களுமெதிரியத் துண்டு ஒன்று இருந்தது. கபிலத்தில் கறுப்புக் கோடுகள் புகைபோல ஓடும் அந்த மரம் இலங்கையில் மட்டுமே விளைவது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தளபாடத்துக்காக வெட்டித் தீர்த்ததில் இப்போது காட்டில் காண்பதே அரிது. அதிலிருந்து வெனீர் சீவி ஒட்டித் தரலாம், இல்லையென்றால் நெதுன் மரம் இருக்கிறது, இரண்டுமே இந்த வெளுத்த வெள்ளைக்காரப் பலகையை விட நூறு மடங்கு அழகு என்றார். அழகு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனாலும் 1966இல் கொவென்ட்ரியில் யாரோ ஒருவர் கோடு பொருந்தும்படி தெரிந்தெடுத்து ஒட்டிய அந்த வால்நட் இன்னும் அங்கேயே இருந்தது. இருப்பதை எடுத்தெறிந்துவிட்டு நல்லதை ஒட்டினால் அது வேறொரு வேலை. அப்படிச் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை, வெனீர் முழுவதும் உரிந்துவிட்டிருந்தால் நானும் நெதுன்தான் கேட்டிருப்பேன்.

பழைய பூச்சை அகற்றுவதற்கு மூன்று வழிகள் பேசினோம். சூடான காற்று ஊதினால் பூச்சோடு அடியில் உள்ள பசையும் இளகும். அரத்தாளை, அதாவது பழைய சோனகத் தெருக் கடைகளில் வெலிக்கொல என்று கேட்டால் உடனே எடுத்துத் தரும் தாளை, கட்டையில் சுற்றித் தேய்த்தால் பூச்சு தீர்ந்து மரம் தொடங்கும் இடம் கைக்குத் தெரியாது. தெரியும்போது பிளைவுட் எட்டிப் பார்க்கும். பாஸ் தேர்ந்தது இரசாயன நீக்கியை. தூரிகையால் தடித்துப் பூசி, பொலித்தீனால் மூடி, காத்திருந்தார். இருபது நிமிடத்தில் பூச்சு தோசை விளிம்பு போலச் சுருண்டு எழுந்தது. அதை இரும்பால் அல்ல, மூலைகளை மழுக்கிய பிளாஸ்ரிக் சுரண்டியால், நாரின் போக்கிலேயே தள்ளி எடுத்தார். நான் பொறுமையில்லாமல் ஒரு மூலையில் 240ஆம் இலக்கத் தாளால் சற்றுத் தேய்த்தேன். ஐந்தாறு இழுப்புத்தான், நிறம் வெளிறத் தொடங்கியது. பாஸ் ஒன்றும் பேசாமல் தாளை என் கையிலிருந்து எடுத்துத் தன் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டார்.

பூச்சு போனதும் மரத்தின் வரலாறு தெரிந்தது. பல மரங்கள் வெளிச்சத்தில் கறுக்கும், வால்நட்டோ வெளுக்கும். ஆகவே வெயில் பட்ட முகம் முழுவதும் தேன் நிறமாகவும், மானிகளின் வளையங்கள் மறைத்த இடமெல்லாம் பழைய கடுங்கோப்பி நிறத்தில் வட்டங்களாகவும், ஒவ்வொரு திருகாணியின் இடத்திலும் ஒரு கரும்பொட்டாகவும் இருந்தது. வலது ஓரத்தில், பிள்ளையார் இருந்த இடத்தில், மற்ற இடத்தை விடக் கறுத்த ஒரு நீள்சதுரம், கத்தியால் வெட்டியது போல விளிம்புகளோடு தெரிந்தது. சாயம் போட்டு எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கலாமா என்று பாஸ் கேட்டார். வட்டங்களும் பொட்டுகளும் எப்படியும் மறைந்துவிடும், நீள்சதுரத்தை மட்டும் யோசிப்போம் என்றேன். யோசித்து, விட்டுவிட்டோம்.

எழும்பிய வெனீருக்குக் கீழே ஊசிக்குழாயால் பசை ஏற்றி, மெழுகுத் தாள் வைத்து, தட்டையான கட்டையோடு கிளாம்ப் இறுக்கினார். திருகாணித் துளையருகே உக்கிப்போன பிளைவுட்டை எடுத்துவிட்டு எப்பொக்சியும் மரத்தூளும் நிரப்பினார். மேல் விளிம்பில் ஒரு நகமளவு துண்டு மட்டும் புதிது. அதையும் பலகையின் அடிப்பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்திலிருந்தே உரித்து எடுத்து வைத்தார்.

மேற்பூச்சில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. பாஸ் தளபாடங்களுக்கு அடிக்கும் இரு கலவைப் பொலியூரித்தேன் கண்ணாடி போல நிற்கும், வெயிலையும் மழையையும் தாங்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது ஒருமுறை இறுகினால் மீண்டும் கரையாது. இருபது வருடம் கழித்து அது வெடித்தால், அடுத்தவர் அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், தேய்ப்பதற்கு அவருக்கு மரம் மிச்சம் இருக்காது. அரக்கைச் சாராயத்தில் கரைத்து மெருகிடும் பழைய முறை வெப்பத்துக்கு இளகும். காலி முகத்திடலில் நண்பகல் ஒரு மணித்தியாலம் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கை வைத்தவருக்கு அது ஏன் சரிவராது என்று விளக்க வேண்டியதில்லை. நைட்ரோசெல்லுலோஸ் லக்கரைக் கேட்டேன். மேலே அடிக்கும் புதிய பூச்சு அடியில் உள்ள பழைய பூச்சைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். வெயிலில் மஞ்சளாகும் என்பது உண்மை. ஆகட்டும்.

முதல் இரண்டு பூச்சு நன்றாக விழுந்தன. மூன்றாவதை நான் அவசரப்படுத்தினேன். மாலை ஐந்து மணி, மழை விட்டு அரை மணித்தியாலம், கொட்டிலின் தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பாஸ் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடித்தார். இரண்டு நிமிடத்தில் பலகை முழுவதும் தேங்காய்ப்பால் தெளித்தது போல வெளுத்தது. லக்கரை இளக்கச் சேர்க்கும் தினர் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இருபத்தேழு பாகையில் எண்பது வீத ஈரமுள்ள காற்றில், பரப்பு நான்கு பாகை குளிர்ந்தாலே போதும், பனி படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். என் அடிவயிறு கலங்கியது. பாஸுக்கு அது தினமும் பார்க்கும் காட்சி. “நாளைக்குப் பத்து மணி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மறுநாள் வெயில் ஏறிய பிறகு, மெதுவாக ஆவியாகும் தினரை மட்டும் புகைபோல ஊதினார். பூச்சு மேலே சற்று இளகி, சிக்கிய நீர் வெளியேற, வெண்மை என் கண்ணெதிரே ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கரைந்தது. பிறகு வந்த பூச்சுகள் எல்லாம் காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில்தான். பலகையின் முதுகையும், துளைகளின் உள் விளிம்புகளையும் அவர் மறக்கவில்லை. தொழிற்சாலை மறந்த இடங்கள் அவை. தண்ணீர் குடித்ததும் அவற்றின் வழியாகத்தான்.

பூட்டுவதற்கு முன் முன்கண்ணாடி ரப்பரை மாற்றினேன், சட்டத்தின் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தேன். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மானிகளை ஒவ்வொன்றாக வைத்து, ரேப் எண்களைப் பார்த்து வயர்களைச் செருகி, சாவியைத் திருப்பியபோது, எரிபொருள் முள் தாங்கியில் இருந்ததை விடக் கூடுதலாகக் காட்டியது. வெப்ப முள்ளும் என்ஜின் இயங்கிய சில நிமிடத்தில் சிவப்பை நோக்கிப் போனது. இந்த இரண்டு மானிகளுக்கும் பத்து வோல்ற் மட்டும் போக வேண்டும். பற்றரியின் பன்னிரண்டைக் குறைத்துத் தருவது பின்னால் உள்ள சிறிய பெட்டி. உள்ளே ஒரு தகடு சூடாகி வளைந்து தொடுப்பைத் துண்டிப்பதும் ஆறி மீண்டும் சேர்ப்பதுமாக அந்தச் சராசரியைப் பிடித்து வைக்கிறது. அது வேலை செய்ய நிலத் தொடுப்பு வேண்டும். இரும்புப் பலகையில் இரும்பே நிலம். மரத்தில் அப்படியில்லை, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கறுப்பு வயர் போக வேண்டும். நான் ஒன்றைச் செருக மறந்திருந்தேன். மறுபடியும் தலை பெடலருகே, கால் கதவுக்கு வெளியே. இம்முறை அன்ரி மாடியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒக்டோபர் மாதக் கடைசியில் மாமாவைக் கைப்பிடித்து இறக்கிவந்து ஓட்டுநர் இருக்கையில் இருத்தினேன். கண்ணால் பார்ப்பதை விட விரலால்தான் அதிகம் பார்த்தார். மானிகளின் வளையங்களை, குமிழ்களை, பிளவு இருந்த இடத்தை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனவர் வலது ஓரத்தில் நின்றார். “பிள்ளையார் எங்க?” என்றார். கையுறைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பின்னால் பசை ரேப் ஒட்டி, கறுத்த நீள்சதுரத்தின் மேல் வைக்கும்போது கை சற்று நடுங்கியது, அவருக்கா எனக்கா என்று தெரியாது. இடப்பக்கத்தில் நூலளவு கருங்கோடு வெளியே தெரிகிறது. கழற்றி நேராக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பூச்சு உரியும் என்றார்.